ஓடையில் கிடைத்த கல் பாசிலா? கம்ப்யூட்டரில் சரி பார்க்கலாம்

கல்வராயன் மலைக்குக் குடும்பத்துடன் செல்கிறீர்கள். வெள்ளிமலைப் பக்கம் ஓடையில் கால் நனைக்கையில், பையன் ஒரு கல்லை எடுத்துக் காட்டுகிறான். கறுப்பு மையில் வரைந்தது போல அதில் ஒரு பெரணிச் செடி. "அப்பா, பாசில்!" என்கிறான். போட்டோ எடுத்துக் கொண்டு வீடு திரும்பியதும், கள்ளக்குறிச்சி, பாசில் என்ற இரு சொற்களையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுகிறீர்கள். கடல் சிப்பிகள், 7 கோடி ஆண்டுப் பழமை, ஆய்வுக் கட்டுரைகள் என முடிவுகள் வரலாம். சந்தோஷப்படும் முன், அவற்றில் உள்ள ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அது கள்ளக்குறிச்சி அல்ல, கல்லங்குறிச்சியாக இருக்கும்.

ஓர் எழுத்து, 70 கி.மீ.

கல்லங்குறிச்சி, அரியலூர் அருகே உள்ள ஊர். ஆங்கில எழுத்துகளில் இரண்டுக்கும் 'என்' என்ற ஒரே எழுத்துதான் வித்தியாசம். கள்ளக்குறிச்சிக்கும் அரியலூருக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ. தூரம். பாறைகளின் வயதிலோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வித்தியாசம்!

அரியலூர்ப் பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. கல்வராயன் மலையோ சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகளால் ஆனது. இவை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானவை. அப்போது செடியும் இல்லை, சிப்பியும் இல்லை. எனவே இந்தப் பாறையில் பெரணி இருக்க வழியே இல்லை.

முதலில் மேப், பிறகு படம்

ஓடை தனக்கு மேலே உள்ள கல்லைத்தான் உருட்டி வரும். கீழே உள்ளதை மேலே கொண்டு வராது. எனவே கல் எடுத்த இடத்திற்கு மேலே என்ன பாறை உள்ளது என்று பார்ப்பதே முதல் வேலை.

1. கூகுள் எர்த் புரோகிராமைத் திறந்து, கல் எடுத்த இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். ஓடையின் வழியே மேல் நோக்கி நகர்ந்து, அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

2. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'பூகோஷ்' தளத்திற்குச் செல்லுங்கள். அதன் மேப்பில், பாறை வகைகளைக் காட்டும் லேயரைத் தேர்ந்தெடுத்து, அதே இடத்தைப் பாருங்கள். சார்னோகைட், நைஸ் எனக் காட்டினால் பாசிலுக்கு வாய்ப்பில்லை. லைம்ஸ்டோன், சேண்ட்ஸ்டோன், கிளே போன்ற படிவுப் பாறைகள் என்றால் மேலே தொடரலாம்.

3. 'பேலியோபயாலஜி டேட்டாபேஸ்' தளத்தின் நேவிகேட்டர் மேப்பில் தமிழ்நாட்டைப் பெரிதாக்குங்கள். புள்ளிகளைக் கிளிக் செய்தால், அங்கே பதிவான உயிரினங்களின் பட்டியல் வரும். உங்கள் கல்லை உலகில் உள்ள எல்லா பாசில்களுடனும் ஒப்பிட வேண்டாம். இந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டால் போதும்.

கோமுகி ஆற்றில் நிஜமான சிப்பிக் கல் கிடைத்தால்? ஆறு அதைக் கொண்டு வந்திருக்காது. லாரியில் வந்த கல்லா என்று யோசியுங்கள்.

ஏமாற்றும் கற்கள்

பையன் எடுத்த 'பெரணி'க்கு டென்ட்ரைட் என்று பெயர். பாறை விரிசலில் புகுந்த நீர், மாங்கனீசு ஆக்சைடைக் கிளை கிளையாகப் படிய வைத்த கோலம் அது. லென்ஸில் பார்த்தால் நடு நரம்போ, இலை விளிம்போ தெரியாது. வேர் போன்ற சுக்கான் கல், மர ரேகை போன்ற நைஸ் வரிகள், முட்டை போல உருண்ட கூழாங்கல், எலும்பு போன்ற வெள்ளைக் குவார்ட்ஸ் ஆகியவையும் புதியவர்களை ஏமாற்றுபவை.

நிஜ பாசிலின் அடையாளங்கள்

கிரைபியா சிப்பி: ஒரு மூடி ஆழமாக வளைந்திருக்கும். மற்றது தட்டையாக இருக்கும்.

அம்மோனைட்: சுருண்ட வடிவம். குறுக்கே வரிகளும், சில கற்களில் உள் அறைகளின் நெளிந்த கோடுகளும் தெரியும்.

பெலம்னைட்: துப்பாக்கித் தோட்டா போல இருக்கும். உடைந்த முனையில், நடுவிலிருந்து ஆரம் ஆரமாகப் படிகங்கள் செல்லும். காரை கிராமத்துக் களிமண் ஓடைகளில் இவை உள்ளன. அங்கேயே மினுங்கும் ஜிப்சம் தகடுகள் பாசில் அல்ல.

கல்மரம்: குறுக்கு வெட்டில் மரத்தின் நுண் துளைகள் தெரியும். கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது.

போட்டோவில் கவனம்

மொபைல் கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் வசதியை ஆன் செய்திடுங்கள். கல்லின் அருகே ஸ்கேல் வைத்து, முன், பின், பக்கவாட்டு என மூன்று படங்கள் எடுங்கள். காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் வரிகள் நன்கு தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடம் பற்றிய தகவல் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

எக்செல் பைல் ஒன்றில் எண், தேதி, இடம், பாறை வகை, கல் உதிரியாகக் கிடந்ததா, பாறையில் பதிந்திருந்ததா எனக் காலங்கள் அமைத்துக் கொள்ளுங்கள். இடம் தெரியாத பாசில் ஷோகேஸில் வைக்கத்தான் உதவும். ஆய்வாளர் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கூகுள் லென்ஸ் போன்றவை உருவ ஒற்றுமையைத்தான் தேடுகின்றன. டென்ட்ரைட்டைக் காட்டினால் பெரணி என்று சொல்லிவிடலாம். அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

எடுத்து வரலாமா?

காப்புக் காட்டில் அனுமதியின்றிக் கல் எடுப்பது குற்றம். 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் குறிப்பிட்ட திருவக்கரை கல்மரங்களும், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர் கல்மரமும் தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. பாறையில் பதிந்த பாசிலை எங்கே கண்டாலும் பெயர்க்காதீர்கள். போட்டோ எடுத்து, அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறைக்குத் தெரிவியுங்கள். துல்லியமான இடத்தை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட வேண்டாம்.

பையனிடம் "இது பாசில் இல்லை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவன் தொட்ட பாறை, உலகில் முதல் சிப்பி தோன்றுவதற்கும் மிக முன்பே உருவானது. அதையும் மேப்பில் காட்டுங்கள்.