குறை கூறும் முறை

நம் சங்கத்து நண்பர்கள் தாம் எடுத்த நிழற்படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டே: "பிரமாதம்", அல்லது "சுமார்தான்". இவ்விரண்டாலும் எவரும் எதையும் கற்க இயலாது. இரண்டாவது விடை, ஊரை விட்டு வந்து பேசவே தயங்கும் முதலாண்டு மாணவரைப் படம் எடுப்பதையே நிறுத்தச் செய்துவிடும். ஆய்வுக்கூடத்தில் நாம் பயின்ற முறை இங்கும் உதவும்: கண்டதைக் கூறுதல், காரணம் தேடுதல், மறுசோதனைக்கு வழி காட்டுதல்.

சன்னலின் முன் நிற்கும் தோழர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். முகம் கறுத்திருக்கிறது. "மட்டமான கருவி" என்பது விமரிசனமன்று. படத்தின் பெரும்பகுதியைச் சன்னலின் ஒளி நிறைத்தால், கருவி அதையே நடுத்தர வெளிச்சமாகக் கொண்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது, முகம் இருண்டுபோகிறது. "என் கண் முகத்தைத்தான் தேடியது, தெரியவில்லை. திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்டிப் பாருங்கள், அல்லது அவரைச் சன்னலை நோக்கித் திருப்பி நிறுத்தி எடுங்கள்" என்று கூறினால், அவர் அன்றே மீண்டும் முயல்வார்.

மற்றொரு படத்தில் ஓடும் ரயிலின் உருவம் கலைந்து தெரிகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 10 மீட்டர் நகரும். ஷட்டர் 1/30 வினாடி திறந்திருந்தால் அதற்குள் சுமார் 33 செ.மீ. ஓடிவிடும், 1/500 வினாடியானால் 2 செ.மீ.தான். ஆயின், உள்ளே வரும் ஒளியும் சுமார் 17இல் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுசெய்ய வில்லையின் துளையை அகலமாக்கலாம், ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தலாம்.

இதைச் சொல்லுமுன் ஒன்று கேட்க வேண்டும்: "வேகத்தைக் காட்ட விரும்பியே இவ்வாறு எடுத்தீர்களா?" ஆம் எனின், அது குறையாகாது. நடைமேடைத் தூணைப் பாருங்கள். தூண் தெளிவாக நின்றால் அவர் எண்ணியது பலித்தது. தூணும் கலைந்திருந்தால் கை ஆடியிருக்கிறது. எடுத்தவரின் நோக்கத்தை அறியாமல் நாம் கூறுவது நம் விருப்பமேயன்றி, அவர் படத்தின் குறையன்று.

நிறையையும் காரணத்தோடு கூறுதல் வேண்டும். "நன்று" என்பதைவிட, "பக்கவாட்டு ஒளியால் பாட்டியின் கைச்சுருக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன" என்பது பயன் தரும். அடுத்த முறையும் அவர் அவ்வொளியைத் தேடுவார்.

ஒரு படத்திற்கு ஒரு குறை போதும். பத்தைச் சொன்னால் ஒன்றும் மனத்தில் நில்லாது. பலர் நடுவே சிரிப்புக்காகச் சொல்வதை அறவே விடுவோம். நண்பர் ஒருவர் அடுத்த படத்தை நம்மிடமே கொண்டுவந்தால், நாம் சொன்ன முறை சரியென்று கொள்ளலாம்.