செங்கல்லின் ஓசையும் காமிராவின் கண்ணும்



பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது? 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. இனி செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்கான செங்கல் சூளைகள் இவ்வட்டாரத்தில் இருந்தன.

செங்கல்லைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்ட வேண்டும். நன்கு வெந்த கல் ‘கணீர்’ என ஒலிக்கும். விரிசல் விட்ட கல்லின் ஓசை மந்தமாக இருக்கும். விரிசல் அதிர்வை அடக்கிவிடுகிறது. பல நூறு கற்களைத் தட்டிப் பழகிய காதுக்கு இது உடனே புரியும். செயற்கை நுண்ணறிவும் இப்படிப் பல எடுத்துக்காட்டுகளிலிருந்துதான் கற்கிறது.

கையுறைத் தொழிற்சாலையில்...

இப்போது கிள்ளானுக்குப் போவோம். உலகுக்கு ரப்பர் கையுறை வழங்குவதில் மலேசியா முன்னணி நாடு. கிள்ளான் வட்டாரத்தில் பல கையுறைத் தொழிற்சாலைகள் உள்ளன. பீங்கானால் செய்த கை அச்சுகள் வரிசையாக நகர்ந்து ரப்பர் பாலில் மூழ்கி எழும். படிந்த படலம் சூட்டில் இறுகியதும் கையுறையை உரித்தெடுப்பார்கள்.

அதில் ஓட்டை உண்டா? கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் நீர் ஊற்றித் தொங்கவிட்டு, கசிகிறதா எனப் பார்ப்பது வழக்கமான சோதனை. ஆனால் எல்லாக் கையுறைகளிலும் நீர் ஊற்ற முடியாது. சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுத்துச் சோதிப்பார்கள்.

காமிராவோ நகரும் ஒவ்வொரு கையுறையையும் படமெடுக்கும். ‘இது நல்லது’, ‘இது கிழிந்தது’ என மனிதர்கள் முன்பே பிரித்து வைத்த படங்களைக் கொண்டு கணினி பயிற்சி பெற்றிருக்கும். கிழிசல், கறை போன்றவற்றை அது நொடியில் கண்டுபிடிக்கும். பயிற்சியில் காணாத குறையையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளையையும் அது தவறவிடலாம். ஆகவே நீர்ச் சோதனை இன்னும் தேவை.

கணக்குப் போடுவோம்

10,000 கையுறைகளில் 100 பழுதானவை என்று வைத்துக்கொள்வோம். காமிரா அவற்றில் 95ஐப் பிடிக்கிறது. நல்ல 9,900இல் 2 விழுக்காட்டை, அதாவது 198ஐ, தவறாக ஒதுக்குகிறது. ஒதுக்கப்பட்டவை மொத்தம் 293. அவற்றில் உண்மையில் பழுதானவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! பழுதான 5 கையுறைகளோ தப்பிவிட்டன.

கண்டிப்பைக் கூட்டினால் நல்ல கையுறைகள் அதிகம் வீணாகும். குறைத்தால் பழுதானவை மருத்துவமனை வரை போகும். அங்கே நோயாளியின் இரத்தத்துக்கும் தாதியின் விரலுக்கும் இடையே இருப்பது அந்த மெல்லிய படலம்தான். எந்தத் தவறு பெரியது என்பதைக் கணினி தானாக முடிவு செய்யாது. பொறுப்புள்ள மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொழில்துறை 4.0க்கான தேசியக் கொள்கையை மலேசியா 2018 அக்டோபர் 31இல் அறிமுகப்படுத்தியது. நாள் முழுதும் கண்ணால் பார்த்துப் பொறுக்கும் வேலை குறையலாம். அதை நம்பியிருப்பவர்களுக்கு இது கவலைதான். அவர்களுக்கும் புதிய பயிற்சி கிடைக்க வேண்டும். இயந்திரத்துக்கு எது பழுது என்று கற்றுக்கொடுக்க, பழுதை நன்கு அறிந்த அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

செய்து பாருங்கள்: தவறாக ஒதுக்குவது 1 விழுக்காடாகக் குறைந்தால், ஒதுக்கப்பட்டவற்றில் எத்தனை விழுக்காடு உண்மையில் பழுதானவை?