24 வாரம் தாண்டிவிட்டால் வழியே இல்லையா?

கேள்வி: என் மருமகளுக்கு 25-ஆம் வாரம். ஸ்கேனில் குழந்தையின் மூளை வளர்ச்சியில் பெரிய குறை என்கிறார்கள். கருவைக் கலைக்கச் சட்டம் இடம் தராது என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா?

பதில்: இல்லையம்மா. அவர் சொல்வது பழைய கணக்கு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை 20 வாரம். குறைகளைத் தேடும் ஸ்கேன் எடுப்பதே 18 முதல் 20 வாரத்தில்தான். முடிவு கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும். இந்தக் கொடுமையால் எத்தனையோ தம்பதிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2008-இல், 24 வாரம் கடந்த கருவில் இதயக் கோளாறு தெரிந்தும் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவுக்குக் கடுமையான குறை இருப்பதாக அரசின் மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் வார வரம்பே கிடையாது. மகப்பேறு, குழந்தைகள் நலம், ஸ்கேன் நிபுணர்கள் அதில் இருப்பார்கள். விண்ணப்பித்த 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால், விண்ணப்பித்த 5 நாளுக்குள் சிகிச்சை. குறை எவ்வளவு கடுமையானது என்பதை வாரியமே தீர்மானிக்கும், மறுக்கவும் கூடும். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஸ்கேன் அறிக்கைகளோடு நாளையே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: வயதுவந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்தோ உங்கள் கையெழுத்தோ தேவையில்லை. முடிவை மருமகளிடமே விடுங்கள்.