மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்குவோரின் பணம்

கேள்வி: இலங்கையின் மானிப்பாயிலிருந்து கனடாவிலுள்ள மகளிடம் ஆறு மாதம் தங்கச் செல்லும் ஓய்வூதியர், செலவுப் பணத்தை எவ்வாறு வைத்திருக்கலாம்?

பதில்: சேமிப்பு முழுவதையும் ரூபாயில் வைத்து, வங்கி அட்டையை மட்டும் நம்பிப் புறப்படுவதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு காட்டியது: மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு உயர்ந்ததோடு, டொலர் தட்டுப்பாட்டால் அட்டைகளின் வெளிநாட்டுப் பயன்பாடும் மட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு, அதாவது பிள்ளைகள் அனுப்பும் பணத்தை ரூபாயாக மாற்றாது வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க இடமளிக்கும் கணக்கு, முதலில் கருதத்தக்கது.

பலர் மறந்துவிடுவது கைத்தொலைபேசி இலக்கத்தையே: ஒரு கொடுக்கல்வாங்கலுக்கு மட்டும் செல்லுபடியாகும் இரகசிய எண்ணை வங்கி பொதுவாக இலங்கை இலக்கத்துக்கே அனுப்புவதால், ரோமிங் வசதியைப் புறப்படுமுன் செயற்படுத்தாத முதியவர் தமது பணத்தையே தொட முடியாது தவிக்க நேரும். ஏ.டி.எம். இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால், அந்த மாற்றுவீதம் பெரும்பாலும் பாதகமாக அமைவதால், கனேடிய டொலரையே தெரிவுசெய்ய வேண்டும். ஊரில் பழகிய உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்நம்பிக்கையில் பணம் கைமாறும் முறை, விரைவானதாயினும், பணம் வந்துசேராவிடின் முறையிட இடமில்லாததால் தவிர்க்கத்தக்கது.