காதுவலியா? தாடை மூட்டையும் கொஞ்சம் கவனியுங்க!

"காதுக்குள்ளே குத்துது டாக்டர், எதையும் மென்னு சாப்பிட முடியலை!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்குக் காதில் எந்தக் கோளாறும் இருக்காது. வலி கிளம்புகிற இடம் தாடை மூட்டு! காதுத் தொல்லைக்கும் இந்த மூட்டுக்கும் உள்ள தொடர்பை 1934-லேயே எழுதியவர் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க காது-மூக்கு-தொண்டை மருத்துவர். நாமோ இன்றும் முதல் வேலையாகக் காதுக்குள் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம். அது வேண்டாமே!

எங்கே இருக்கிறது?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் அசைகிறதே, அதுதான். கதவுக் கீல் போலச் சுழலும். மேஜை டிராயர் போல முன்னாலும் நகரும். நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்ன வட்டு. அது இடம் பிசகும்போது 'டக்' என்று சத்தம் வரும். வலியோ தடையோ இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் பயம் வேண்டாம். சிகிச்சையும் தேவையில்லை.

ஏன் வலிக்கிறது?

பெரும்பாலும் மூட்டைவிட, மெல்லும் தசைகள்தான் காரணம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, கவலையில் தாடையை இறுக்குவது, ஒரே பக்கமாக மெல்லுவது, அடிபடுவது, மூட்டுவாதம் எல்லாம் இதைக் கிளப்பிவிடும்.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான். மற்ற நேரத்தில் 'உதடு சேரணும், பல் பிரியணும்'. இதை மனசில் பதித்துக்கொண்டாலே பாதி பாரம் குறையும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* இரண்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று மெத்தென்ற உணவு. கரும்பு, முறுக்கு, வறுகடலைக்கு லீவு!
* வெதுவெதுப்பான துணியால் 15 நிமிடம் ஒத்தடம்.
* கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள்.

பலருக்கு இதிலேயே குணமாகிவிடும். 'பல்லைத் தேய்த்துச் சரிசெய்யணும்', 'ஆபரேஷன் பண்ணணும்' என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டியும், நாள்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சி, மன இறுக்கம் தளர்த்தும் ஆலோசனை போன்றவற்றுக்கே முன்னிடம் தருகிறது.

எப்போது ஓட வேண்டும்?

கொட்டாவி விட்டு, திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டதா? நீங்களாக அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கையாலேயே இடத்தில் சேர்த்துவிடுவார். நடந்தால் தாடை வலித்து, கூடவே வியர்வை, நெஞ்சு இறுக்கம் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். காயம் பட்ட சில நாளில் வாய் இறுகினால் டெட்டனஸ் சந்தேகம். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கு வாய் மெல்ல மெல்லச் சுருங்குவது வேறு நோய். அதையும் உடனே காட்ட வேண்டும்.

குழந்தை விழுந்தால்...

இதுதான் முக்கியம். குழந்தை முகவாய் அடிபட விழும். முகவாய்க்குத் தையல் போட்டு அழைத்து வந்துவிடுவோம். ஆனால் அந்த அடி, மேலே காதோரம் மூட்டின் தலைப்பகுதியை முறித்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நாளடைவில் எலும்பு ஒட்டிக்கொண்டு வாயே திறக்காது. கீழ்த்தாடையும் வளராமல் முகம் கோணிப்போகும். பிறகு ஆபரேஷன்தான் வழி. முதலிலேயே கண்டுபிடித்து, வாய் திறக்கும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆகவே விழுந்த பிள்ளையின் வாயை வாரம் ஒருமுறை பாருங்கள். அவன் கையின் மூன்று விரல்கள் மேலும் கீழுமாக வாய்க்குள் நுழைகிறதா? இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்.

தூரமும் இல்லை. பாகூர் கொம்யூன்காரர்களுக்குப் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர் பக்கத்தவர்களுக்கு அரியூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும், ஜிப்மரும் உண்டு. "காதுவலி" என்று மட்டும் சொல்லாமல், "மெல்லும்போது வலிக்குது", "முன்னே விழுந்திருக்கான்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பாதி நோயை அந்த ஒரு வார்த்தையே காட்டிக் கொடுத்துவிடும்!