முன்னாள் படைவீரர் சங்கம் பிறந்த கதை

கேள்வி: பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கே தொடங்கியது? நம் நாட்டுக்கு எப்போது வந்தது?
- ஒரு வாசகர், அய்யம்பாளையம்

பதில்: அமெரிக்காவில் 1783-லேயே ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. சாதாரண சிப்பாய்க்கு அதில் இடமில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், 1866 ஏப்ரலில், பெஞ்சமின் ஸ்டீபன்சன் என்ற ராணுவ மருத்துவர் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய 'கிராண்ட் ஆர்மி ஆஃப் த ரிபப்ளிக்' அந்தக் கதவைத் திறந்தது. தளபதியும் சிப்பாயும் அதில் ஒரேமாதிரி உறுப்பினர்கள். 1890 வாக்கில் நான்கு லட்சம் பேருக்குமேல் சேர்ந்துவிட்டார்கள். அந்த வருடம் வந்த ஓய்வூதியச் சட்டத்துக்கு இவர்கள் கொடுத்த அழுத்தமே முக்கியக் காரணம். உடல் முடியாமல் போனது போரால்தான் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அதோடு நீங்கியது. அந்தப் போரில் வடக்குத் தரப்பில் பணியாற்றியவர் மட்டுமே சேரலாம் என்பது விதி. அதனால் 1956-ல் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் வுல்சன் இறந்ததும் சங்கமும் முடிந்தது.

இங்கே முதல் அடியை எடுத்து வைத்தது அரசாங்கம். முதல் உலகப் போருக்குப் பத்து லட்சத்துக்குமேல் இந்தியர்கள் கடல் கடந்து போயிருந்தார்கள். அவர்களுக்காக 1919-ல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் அமைந்தது. வீரர்களே ஒன்றுகூடிப் பேசும் தேசிய அமைப்பு 1964-ல் தளபதி கரியப்பா முயற்சியில் வந்தது. எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' வேண்டும் என்று கேட்டு 2009-ல் பலர் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்தச் செப்டம்பரில் அதை ஏற்று அரசின் அறிவிப்பு வந்தது.

டெல்லி வெற்றியைவிட ஊர்ச் சங்கங்களில் நடக்கும் எழுத்து வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். ராணுவம் தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி என்று வையுங்கள். கணவர் போனபின் குடும்ப ஓய்வூதியம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டன் ஆவண அலுவலகம்வரை தாள் போய்வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்கிறவர் பெரும்பாலும் சங்கத்து ஹவில்தார் ஒருவர்தான். பெயர்த் திருத்தத்தைக் கணவர் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. உங்கள் பகுதிக்குத் திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.