புளிப்பை நம்பு, மூடியை நம்பாதே

அன்புள்ள தங்கைக்கு,

கண்ணாடி பாட்டில்கள் வாங்கிவிட்டதாகவும், மாங்காய்த் தொக்கில் தொடங்கி தக்காளி, எண்ணெயில் ஊறிய பூண்டு, சாம்பார் வரை அடைத்துவைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். தொக்குக்கும் தக்காளிக்கும் என் முழு ஆசியும் உண்டு. பூண்டிலும் சாம்பாரிலும் உன்னைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம்.

உணவைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை 1810-இல் நூலாக எழுதி வெளியிட்டவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். அது ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. அதை விளக்கிய லூயி பாஸ்டர் அப்போது பிறந்திருக்கவில்லை. நமக்கு இன்று காரணம் தெரியும். தெரிந்த பிறகும் ஊகத்தில் அடைப்பது தவறு.

கொதிநீரின் சூடு 100 டிகிரி செல்சியஸ். பூஞ்சையும் பெரும்பாலான கிருமிகளும் அதில் செத்துவிடும். மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாகாது. பூண்டிலும் கிழங்கிலும் ஒட்டிக்கொண்டு அவை சமையலறைக்குள் வந்துவிடும். காற்று இருக்கும் இடத்தில் அவற்றால் வளர முடியாது. நாமோ காற்றை வெளியேற்றி மூடியை இறுக்கி, அவற்றுக்குக் குடியிருக்க வீடு கட்டிக் கொடுக்கிறோம். எண்ணெயில் மூழ்கிய பொருளுக்கும் இதே கதிதான். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். இந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும்: பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது.

அந்த வித்தை முளைக்கவிடாமல் தடுப்பது புளிப்பு. பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய், புளி எல்லாம் அதற்கு வெகு கீழே நிற்பவை. நம் வீடுகளில் பூண்டு ஊறுகாய்க்குப் புளியும் எலுமிச்சைச் சாறும் தாராளமாகச் சேர்ப்பதை ருசிக்காக மட்டும் என்று எண்ணிவிடாதே.

உப்பைப் பாதியாக்கி மாவடு போடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. உப்புதான் வடுவின் நீரை வெளியே இழுத்து, அந்த நீரிலேயே அதை ஊறவைக்கிறது. உப்பு குறைந்தால் வடு குழைந்து, மேலே வெள்ளையாகப் படரும். உடம்புக்கு ஆகாதென்றால் தட்டில் குறைத்துக்கொள், ஜாடியில் குறைக்காதே.

தக்காளியில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாக்குக்குப் புளிப்பாக இருந்தாலும், பழுத்த தக்காளி அந்த 4.6 எல்லையை ஒட்டியே நிற்கும். சில சமயம் தாண்டியும் விடும். அதனால் மசித்துக் கொதிக்கவைத்த தக்காளியை அரை லிட்டர் பாட்டிலில் நிரப்பும்போது கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர். மேலே அரை அங்குலம் இடம் விடு. பாட்டிலின் விளிம்பைத் துடைத்து, புதிய மூடி போட்டு, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்கும்படி மூழ்கவைத்து 35 நிமிடம் கொதிக்கவிடு. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். இது சென்னைக்கான கணக்கு. நீ மாமியார் வீட்டுக்கு ஊட்டிக்குப் போய்ச் செய்தால் 50 நிமிடம் வேண்டும்; ஏழாயிரம் அடிக்கு மேலே நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

சாம்பாருக்கு வருகிறேன். பருப்பு, காய்கறி, இறைச்சி எதையும் கொதிநீரில் வைத்து அடைக்க முடியாது. அவற்றுக்கு 116 முதல் 121 டிகிரி வரை சூடு வேண்டும், அழுத்தம் காட்டும் பெரிய கேனர் வேண்டும், சோதித்து எழுதிய நேரக்கணக்கு வேண்டும். நம் குக்கரில் இத்தனை விசில் என்று கணக்குச் சொல்பவர்களை நம்பாதே. அந்தச் சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், கணக்கு பொருந்தாது. சாம்பாரை ஃப்ரீசரில் வை. எண்ணெய்ப் பூண்டை ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடு.

முதல் பாட்டிலாக எலுமிச்சையையே போடு. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டு. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ ருசி பார்க்காதே. நஞ்சுக்கு நிறமும் மணமும் இல்லாமலும் போகலாம். சந்தேகம் வந்த பாட்டிலை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அக்கா